விரல் நுனி

சாண்டா கிளாராவில் லீவைஸ் மைதானத்துக்கு வெளியே இரண்டு சிலைகள் இருக்கின்றன. ஒன்று ஜோ மொன்டானா. சற்றுத் தள்ளி, அந்தரத்தில் எம்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டியபடி இருப்பவர் ட்வைட் கிளார்க். முதல் தடவை பார்த்தபோது யாரோ கூடைப்பந்து ஆட்டக்காரர் என்றுதான் நினைத்தேன். என் ஆபீஸ் பக்கத்தில்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு நடக்கப் போகும்போது பல நாள் அந்தக் கைகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். எட்டு வயது மகன் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டும்வரை அவர் யார் என்று தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

அது ஃபுட்பால் குழுவில் சேர்வதற்கான விண்ணப்பம். அமெரிக்க ஃபுட்பால். பெயரில்தான் கால் இருக்கிறது, ஆட்டம் முழுக்கக் கையும் தோளும் தலையும். இரண்டு வகை உண்டு. ஒன்றில் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் போதும். இன்னொன்றில் மோதிச் சாய்க்க வேண்டும். மகனுக்கு இரண்டாவதுதான் வேண்டுமாம். பெற்றோர் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. இரண்டு வாரம் அப்படியே இருந்தது. அந்த இரண்டு வாரமும் நான் ட்வைட் கிளார்க்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ரிசீவர். அதாவது குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பெரிதாகப் பெயர் எடுத்தவர் இல்லை. ஸான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ், கிளெம்சனின் குவார்ட்டர்பேக் ஸ்டீவ் ஃபுல்லரைச் சோதித்துப் பார்க்க ஃபோன் செய்தார். எடுத்தது அறைத்தோழர் கிளார்க். ஃபுல்லர் எறிவதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், நீயும் வாயேன் என்றார் வால்ஷ். போனார், பிடித்தார். 1979 டிராஃப்டில் வால்ஷ் எடுத்தது ஃபுல்லரை அல்ல, கிளார்க்கை. பத்தாவது சுற்றில், 249வது ஆளாக. இப்போது டிராஃப்டில் ஏழு சுற்றுதான். அதே வருடம் மூன்றாவது சுற்றில் வந்தவர் மொன்டானா.

அந்த வருடம் அணி 16 ஆட்டத்தில் இரண்டே இரண்டு ஜெயித்தது. அடுத்த சில வருடங்களில் நடந்ததை ஒரு நாளில் சொல்லிவிடலாம்: 1982 ஜனவரி 10. கேண்டில்ஸ்டிக் பார்க், டல்லாஸ் கௌபாய்ஸுக்கு எதிரான ஆட்டம். ஜெயித்தால் ஸூப்பர் பௌல். 27-21 என்று டல்லாஸ் முன்னிலை. ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, 89 கஜம் தள்ளியிருந்து நைனர்ஸ் தொடங்கினார்கள். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது கோட்டுக்கு ஆறு கஜம்.

மொன்டானா வலப்பக்கம் ஓடுகிறார். மூன்று பேர் துரத்துகிறார்கள். பந்து போகவேண்டிய முதல் ஆள் ஃப்ரெடி சாலமன் கால் வழுக்கிவிட்டார். எல்லைக்கோடு நெருங்குகிறது. மொன்டானா பின்காலில் சாய்ந்தபடி உயரமாக எறிகிறார். வேண்டாம் என்று வெளியே வீசிவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். எண்ட் ஸோனின் பின்பக்கம் கிளார்க் எம்புகிறார். ஆறடி நான்கு அங்குலம். பந்து விரல் நுனியில் பட்டு நிற்கிறது. அடித்து வீழ்த்தப்பட்டுக் கிடந்த மொன்டானாவுக்கு அது தெரியவில்லை. கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் புரிந்துகொண்டார். கூடுதல் புள்ளியோடு 28-27. இரண்டு வாரம் கழித்து ஸூப்பர் பௌலும் அவர்களுக்கே. இன்றும் அதற்குப் பெயர் வெறுமனே 'தி கேட்ச்'.

அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது பழகிவைத்த ஆட்டம். வால்ஷ் பயிற்சி முகாமில் இதையே செய்யவைத்திருக்கிறார். சாலமன் கிடைக்காவிட்டால் பின்கோட்டில் கிளார்க்குக்கு உயரமாகப் போடு, ஒன்று அவன் பிடிப்பான், இல்லை யாருக்கும் கிடைக்காது. எங்கள் தொழிலில் இதை ஃபால்பேக் என்போம். கிளார்க் ஒன்பது சீசன் ஆடி, பிளேஆஃப் ஆட்டங்களைச் சேர்க்காமலே 506 பந்துகளைப் பிடித்தார். அவர் பிடித்தவற்றில் ஒன்றுதான் சிலையாகி நிற்கிறது. மிச்சப் பந்துகளுக்கெல்லாம் யாராவது ஒருவர் வந்து மோதியிருப்பார். பயிற்சியில் நடந்த மோதல்களை எண்ணியவர் யாரும் இல்லை.

2015 செப்டம்பரில் அவருடைய இடது கை வலுவிழக்க ஆரம்பித்தது. 2017 மார்ச்சில் அவரே அறிவித்தார்: ஏ.எல்.எஸ். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய். தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்புகள் ஒவ்வொன்றாக இறந்துபோகும். அவருக்குக் கையில் தொடங்கியது. இதை எழுதும்போது அதில் ஒரு கவிதைத்தனம் தேடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நோய்க்குச் சிலையெல்லாம் தெரியாது.

அந்த அறிவிப்பில் ஓரிடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஃபுட்பால் ஆடியதால் இது வந்ததா என்று என்னைக் கேட்கிறார்கள், நிச்சயமாக எனக்குத் தெரியாது, ஆனால் அப்படித்தான் என்று சந்தேகப்படுகிறேன் என்கிறார். கையோடு, தலையில் படும் அடிகளைக் குறைத்து ஆட்டத்தைப் பாதுகாப்பாக்கும் வேலையைத் தொடருங்கள் என்று என்.எஃப்.எல்.லையும் வீரர்கள் சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறார். கசப்பு இல்லை. குற்றச்சாட்டுகூட இல்லை.

என் பிழைப்பே காரணம் கண்டுபிடிப்பதுதான். ராத்திரி சர்வர் படுத்துவிட்டால் காலையில் அறிக்கை எழுத வேண்டும். மூலகாரணம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியாக விட முடியாது. அதே புத்தியோடு இதையும் தோண்டினேன். 2012இல் ஒரு அமெரிக்க அரசு ஆய்வு வந்தது. ஐந்து சீசனாவது ஆடிய 3,439 முன்னாள் வீரர்களை எடுத்துப் பார்த்தார்கள். ஏ.எல்.எஸ்.ஸால் இறப்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம். நான்கு மடங்கு என்றதும் வயிற்றைக் கலக்கியது. பிறகு உறைத்தது, அபூர்வமான நோயின் நான்கு மடங்கும் அபூர்வம்தான். பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை. ஆடாதவர்களுக்கும் வந்திருக்கிறது. கூட்டத்தைப் பற்றிக் கணக்கு பேசும். இந்த ஒரு மனிதருக்கு எதனால் வந்தது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். கிளார்க்கின் அந்தக் கட்டத்தை யாராலும் நிரப்ப முடியாது.

2017 அக்டோபரில் லீவைஸ் மைதானத்தில் அவருக்கென்று ஒரு நாள் வைத்தார்கள். எதிரணி அதே டல்லாஸ். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பழைய ஆட்டக்காரர்களைப் பார்த்தால் போதும் என்றாராம். வந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி கூட்டத்திடம் பேசினார். 2018 ஜூன் 4ஆம் தேதி மொன்டானா மாநிலத்தில் இறந்தார். வயது 61. கேண்டில்ஸ்டிக் மைதானம் அதற்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டது. அக்டோபரில் சிலைகள் வந்தன.

தெரியாது, ஆனால் சந்தேகப்படுகிறேன். இதை முதலில் படித்தபோது பாதி பதிலாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. காரணம் நிரூபணமாகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவருக்கு நேரமும் இல்லை. சந்தேகத்தை வைத்துக்கொண்டே, அடுத்து ஆட வருகிறவர்களுக்காக என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்டார். சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னார், அதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை.

மகனிடம் பட்டை உருவும் ஆட்டத்தில் சேர்க்கிறேன் என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காரில் போகும்போது கேட்டான்.

"மோதினா தலைக்கு ஏதாவது ஆயிடுமாப்பா?"

"தெரியலடா. ஆனா எனக்குச் சந்தேகமா இருக்கு."

"தெரியாமயே எப்படி வேணாம்னு சொல்ற?"

நியாயமான கேள்வி. சிக்னல் பச்சையாகும்வரை யோசித்தேன். தெரிஞ்சப்புறம் சொன்னா லேட்டாயிடும்டா என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று ராத்திரி விண்ணப்பத்தில் வேறு கட்டத்தை டிக் செய்து கையெழுத்துப் போட்டேன்.