திறவாத பெட்டி

உங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற பழைய பிக்கப் வண்டியின் கிளவ் பாக்ஸ் திறக்க மறுக்கிறதா? உள்ளே ஆர்.சி. புத்தகமும், அவர் கைப்பட எழுதிய கணக்குத் தாள்களும் இருக்கக்கூடும். ஆகையால் திருப்புளியைச் செருகி நெம்பாதிருங்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் எளிதில் உடையும்.

பல வேளைகளில் பூட்டின்மேல் குற்றமில்லை. அளவுக்கு மிஞ்சித் திணித்த பொருட்கள் மூடியை வெளிநோக்கித் தள்ளுவதால் தாழ்ப்பாளின் கொக்கி இறுகிவிடுகிறது. மூடியை உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தியபடியே கைப்பிடியை இழுங்கள். திறப்பதற்காக மூடச் சொல்வது விந்தைதான்!

சாவி சுழல மறுத்தால் துவாரத்தில் சிறிது கிராஃபைட் தூள் இடுங்கள். எண்ணெய் தூசியைச் சேர்க்கும். திறந்தபின் தாள்களை ஒவ்வொன்றாக எடுங்கள். பழைய மடிப்புகள் கிழிந்துவிடும்.