கொலுப்படியும் இரம்பமும்

கேட்போர் பொறுமையைச் சோதிக்கும் பேச்சை 'இரம்பம்' என்று ஏளனம் செய்வது நம் தமிழர் வழக்கம். தலைப்பைக் கண்டு அன்பர்கள் அஞ்ச வேண்டா. நாம் சொல்ல வந்தது மரம் அறுக்கும் மெய்யான இரம்பத்தைப் பற்றியே.

சில ஆண்டுகளுக்கு முன், கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு அன்னையார் தில்லிக்கு நம்முடன் வசிக்க வந்தார். கொலுப் பொம்மைகள் பழந்துணி சுற்றி இரண்டு தகரப் பெட்டிகளில் வந்து சேர்ந்தன. தந்தையார் செய்வித்த தேக்குப் படிகள் வரவில்லை, வீட்டோடு போய்விட்டன. "இனிமேல் கொலு எதற்கப்பா?" என்று ஒருநாள் அன்னையார் சொன்னபோது, சற்றும் யோசியாமல், "படிகளை வீட்டிலேயே செய்துவிடலாம் அம்மா" என்று வாக்களித்துவிட்டோம். அதுவரை நாம் சுவரில் ஆணி அடித்ததுண்டு; மரம் அறுத்ததில்லை.

சாவ்ரி பஜார் இரும்புக் கடையில் 'ஆரி' என்று கேட்டால் இரம்பம் கிடைக்கும் என்பது மட்டும் தெரியும். பல் பெரிதானால் வேலை விரைவில் முடியும் என்பது நம் கணக்கு. 26 அங்குல நீளம், அங்குலத்துக்கு 5 பல் கொண்ட ஒன்றைப் பெருமிதத்தோடு வாங்கி வந்தோம். கீர்த்தி நகர் மரச்சந்தையிலிருந்து 8 அடிக்கு 4 அடியில், 19 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பிளைவுட் பலகையும் வந்தது. முதற்படியை அறுத்து முடித்தபோது ஓரம் முழுவதும் எலி கறம்பிய துணிபோல் சிதைந்திருந்தது. அன்னையார் வந்து பார்த்தார். "பெட்டிகளை அடுக்கி வேட்டியை விரித்தால் போதாதா? கையைக் கிழித்துக்கொள்ளாதே" என்று மட்டும் சொன்னார். கடிந்துகொண்டிருந்தால் கூட இவ்வளவு உறைத்திராது. நவராத்திரிக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

எதிர்வீட்டில் கதவு பொருத்த வந்திருந்த முதிய தச்சர் நம் இரம்பத்தைக் கண்டதும் சிரித்துவிட்டார். "பாபுஜி, இது மரத்தை நெடுகக் கிழிக்கும் ஆரி" என்றார். அவர் விளக்கிய பின்னரே உண்மை புலப்பட்டது. நெடுக அறுக்கும் இரம்பத்தின் ஒவ்வொரு பல்லும் சிற்றுளி போன்றது. நாரின் போக்கிலேயே மரத்தைச் செதுக்கிச் செல்லும். குறுக்கே அறுப்பதற்கோ பற்கள் கத்திமுனைபோல் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்க வேண்டும்; அவை நாரை முதலில் துண்டித்துவிடும். பிளைவுட்டில் அடுத்தடுத்த அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால், எத்திசையில் அறுத்தாலும் ஏதேனும் ஓர் அடுக்கு குறுக்கே அகப்படும். எனவே அங்குலத்துக்கு 10 அல்லது 12 சிறு பற்கள் கொண்டதே ஏற்றது. பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாய்ச் சற்றே வளைத்திருப்பதையும் காட்டினார். அதனால் வெட்டுத்தடம் தகட்டைவிட அகலமாகி, இரம்பம் சிக்காமல் ஓடுகிறது. முதுகில் பித்தளைப் பட்டை பொருத்திய சிறு இரம்பம் ஒன்று கடையில் நம் கண்ணைப் பறித்திருந்தது. பொருத்துவாய் அறுக்க அது நல்லது. ஆனால் அந்த முதுகே தடையாகி, ஆழமாய் அறுக்க விடாதாம்.

மறுநாள் மீண்டும் கடைக்குச் சென்றோம். இம்முறை தகட்டை வளைத்துவிட்டு, நேராய்த் திரும்புகிறதா என்று பார்த்தோம். சுட்டுவிரலைத் தகட்டின் போக்கில் நீட்டி, மற்ற மூன்று விரல்களால் கைப்பிடியைப் பற்றிப் பார்த்தோம். பல்நுனி கருமையாய்க் கடினப்படுத்தப்பட்ட இரம்பங்கள் நெடுநாள் கூர் மழுங்காதவை. ஆனால் மழுங்கினால் அரத்தால் தீட்ட முடியாது. நமக்குத் தீட்டத் தெரியாதுதான். ஆயினும் தூக்கி எறிவதற்கென்றே ஒரு கருவியை வாங்க மனம் ஒப்பவில்லை. 22 அங்குலத்தில், 10 பல் கொண்ட, தீட்டக்கூடிய ஒன்றையும் ஒரு முக்கோண அரத்தையும் வாங்கினோம். அரம் இன்றும் புத்தம் புதிதாகவே இருக்கிறது!

தச்சர் சொற்படி பலகையின் நல்ல முகத்தை மேலே வைத்து, கோட்டைக் கத்தியால் கீறிக்கொண்டு, இரம்பத்தை அழுத்தாமல் ஓட்டினோம். தள்ளும்போது பல் கீழ்நோக்கிச் செல்வதால் சிராய்ப்பெல்லாம் அடிப்பக்கத்தில்தான். ஆறு மாலைகளில் ஐந்து படிகள் எழுந்தன. கெட்டுப்போன முதற்பலகையும் வீணாகவில்லை; குறுக்கி அறுத்து, மேற்படிக்கு வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் படி மட்டும் சற்றுச் சாய்ந்து நின்றது. நாம் சுத்தியலைத் தேடுமுன், அன்னையார் ஒரு பழைய திருமண அழைப்பிதழை மடித்து அடியில் செருகிவிட்டு, "செட்டியார் பொம்மை எந்தப் பெட்டியிலப்பா?" என்று கேட்டார்.