மான்குர்து ஃபிளாட்

ஜூன் 9
இரண்டாவது ஏலத்துக்கும் ஆள் வரவில்லை. ரிசர்வ் விலை 62 லட்சம். வங்கிக் கடன் மீட்புக்கான சர்ஃபேசி சட்டத்தின் விதி 9(2)-இன்படி அதற்குக் கீழே விற்க வங்கி மட்டும் ஒத்துக்கொண்டால் போதாது. கடன் வாங்கியவரும் சம்மதிக்க வேண்டும். 48-க்கு நான் எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன். “அவங்க கையெழுத்தை வாங்கிட்டு வாங்க” என்றார் அதிகாரி.

ஜூன் 10
பேய் மழை. போகவில்லை.

ஜூன் 14
போனேன். வங்கி ஒட்டிய நோட்டீஸ் கதவில் அப்படியே இருக்கிறது. கடன் வாங்கிய மகன் டூட்டிக்குப் போயிருந்தான், அவன் அம்மா மட்டும்தான். நான் சீத்தா கேம்ப் ஆள் என்றதும் எந்த செக்டர் என்று கேட்டார். 1976 மே மாதம், எமர்ஜென்சியில், அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியை இடித்து அங்கிருந்தவர்களை சீத்தா கேம்புக்கு மாற்றியபோது அவர் கல்யாணமாகி வந்த புதுசு. “லாரில ஏத்திக் கொண்டாந்து சேத்துல இறக்கி விட்டாங்க தம்பி.” என் அப்பாயியும் அந்தச் சேற்றைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சீத்தா கேம்ப் ரூமை விற்று, மிச்சத்துக்குக் கடன் வாங்கித்தான் இந்த ஃபிளாட்.

பிறகு கேட்டார்: “கடன் 57 நிக்குது. நீங்க 48 குடுத்தா மிச்சத்தை யாரு கட்டுறது?”

நீங்கள்தான் என்றேன். வேறெப்படிச் சொல்வது? விற்ற பணம் பத்தாவிட்டால் மீதிக்கு வங்கி வழக்குப் போடலாம், சட்டம் அப்படி. டீ கொடுத்தார். சம்மதப் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஜூன் 15
ஆன்லைன் ஏலத்தில் எதிரே யாரும் இருப்பதில்லை, திரையில் தொகை மட்டும் ஏறும். இத்தனை வருஷமாக ஏலத்தில் எடுத்து விற்ற எந்த வீட்டிலும் யாரும் என்னிடம் அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க வழியே இல்லை.

கூட்டாளி போன் மேல் போன். ஸ்டாம்ப் டூட்டி 6 சதவீதம், சொசைட்டி பாக்கி, டைல்ஸ், பெயின்ட் எல்லாம் போட்டுப் பார்த்தால் 48-க்கு மேல் கட்டாது என்கிறான். கணக்கு சரிதான்.

ஜூன் 21
மகன் கூப்பிட்டான். “மிச்சத்தைத் தள்ளுபடி பண்றோம்னு பேங்க்ல எழுதிக் குடுத்தா இப்பவே கையெழுத்துப் போடுறேன்ணே.” அதிகாரியிடம் கேட்டேன். மேலிடம்தான் முடிவு செய்ய வேண்டுமாம். 52 என்றால் பேசிப் பார்க்கலாமாம். மனசு லேசானது, சாயங்காலம் கூட்டாளியின் 48 ஞாபகம் வரும் வரை.

ஜூன் 22
கூட்டாளி பொறுக்கச் சொல்கிறான். ரிசர்வ் விலையைக் குறைத்து அடுத்த ஏலம் வைப்பார்கள், மறு ஏலத்துக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். அதில் எடுத்தால் அவர்கள் கையெழுத்தே வேண்டாம்.

52 பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.