வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி

பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் காரில் நடப்பதுதான் அசல் பேச்சு. வீட்டுக்குள் இருந்தவரை எல்லாரும் சொஜ்ஜியைப் பாராட்டியிருப்பார்கள். தெருமுனை திரும்பியதும் அத்தை ஆரம்பிப்பார்: நிறம் கொஞ்சம் மட்டு, அம்மாக்காரி அதிகம் பேசுகிறாள். மூன்று பேராகப் போகக் கூடாது என்று நாலாவது ஆளாக என்னையும் சிறு வயதில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பஜ்ஜிக்காகவே நானும் போவேன். பிடிக்காத இடத்துக்கு மறுவாரம் ஒரு கடிதம் போகும்: ஜாதகம் பொருந்தவில்லை. எத்தனை பேர் மனம் புண்படாமல் காத்த வாக்கியம் அது! எழுதுகிறவருக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும், பாவம், கிரகங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று.

ஆனால் அந்தக் கடிதம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போனது. காபித் தட்டோடு வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போன பெண்ணுக்கு அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று அவள் என்ன நினைத்தாள் என்று எங்கள் காரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அதனால்தான் மற்ற ஊர்களில் பெண் கேட்கும் வழக்கங்களைப் படிக்கும்போது, 'சம்மதம்' சொல்லும் அழகைவிட, 'வேண்டாம்' சொல்ல வழி வைத்திருக்கிறார்களா என்று தேடுவேன்.

உக்ரைன் கிராமங்களில் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்காகப் பேச வரும் பெரியவர்கள் நேரடியாக விஷயத்துக்கு வரமாட்டார்கள். தாங்கள் வேட்டைக்காரர்கள் என்றும், துரத்தி வந்த விலங்கு இந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்றும் கதை அளப்பார்கள். பெண் அடுப்புச் சுவரின் மண்ணைச் சுரண்டிக்கொண்டு நிற்பாள். சம்மதம் என்றால் பூவேலை செய்த நீளத் துண்டை எடுத்து வந்து அந்தப் பெரியவர்கள் தோளில் குறுக்காகக் கட்டுவாள். இல்லையென்றால் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து கொடுப்பாள். அவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அழ வேண்டியதில்லை. பூசணிக்காயைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் வேட்டைக்காரர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை.

துருக்கியில் பெண் கேட்க வருபவர்களுக்குக் காபி போடுவது மணப்பெண்தான். மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழும். முகம் சுளிக்காமல் அவன் குடித்துக் காட்ட வேண்டும். காபியின் ருசியை வைத்தே பெண் தன் மனத்தைச் சொன்ன காலமும் இருந்தது என்பார்கள். இப்போது அது வெறும் விளையாட்டு. எல்லாம் முன்பே பேசி முடித்தபிறகு நடப்பது. இருந்தாலும் பரீட்சை அங்கே பையனுக்குத்தான் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இவற்றோடு அமெரிக்க விளையாட்டு அரங்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய திரையில் பெண்ணின் பெயர், கூட்டத்தின் கூச்சல், மண்டியிட்ட காதலன், கையில் வைர மோதிரம். (வைரம்தான் வேண்டும் என்ற எண்ணத்தை ஊன்றியதில் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக ஃபிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண்மணி 1947இல் எழுதிய விளம்பர வரிக்குப் பெரிய பங்குண்டு, அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.) அத்தனை பேர் முன்னால் அவள் எப்படி மறுப்பாள்? மறுத்தால் அவள்தான் கல்நெஞ்சக்காரி.

நம்மிடமும் இது இருந்தது. மடலேறுதல் வேறென்ன? பனங்கருக்கில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, ஊர்த்தெருவில் ஒருவன் வருகிறான், ஊர் பார்க்கிறது, பெண் வீட்டார் வெட்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கலித்தொகையில் அவனுக்காக இரங்கத்தான் தோன்றும். ஆனால் தொல்காப்பியர் ஏமாறவில்லை. ஏறுவேன் என்று சொல்வதை அவர் பொறுத்துக்கொள்கிறார். ஏறியே விட்டால் அதைப் பெருந்திணையில், பொருந்தாக் காமத்தில் தள்ளிவிடுகிறார். பெண் மடலேறக் கூடாது என்றும் அவரே விதிக்கிறார். அந்த விதியை மீறியவர் திருமங்கையாழ்வார். சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் மடலேறப் போவதாக மிரட்டுவது நாயகிதான், அதுவும் பெருமாளை!

இப்போது நம் ஊரிலும் பேரங்காடிகளில் மண்டியிடுகிறார்கள், கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்புகிறார்கள். கேட்பதைத் தனியாகக் கேளுங்கள், தம்பிகளே. பெரியவர்களும் காரில் ஏறுமுன் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால், பஜ்ஜி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.