மணி அடிக்கும் மோட்டார் வண்டி

கட்டபெட்டுச் சந்திப்பில் நின்றால் கோத்தகிரிக்கும், உதகைக்கும், குன்னூருக்கும் சாலைகள் பிரிவதைக் காணலாம். மூடுபனி இறங்கிவிட்டாலோ, நாம் நிற்கும் இடமே நமக்குத் தெரியாது. அத்தகைய ஒரு மாலையில்தான் எதிர்கால மோட்டார் வண்டியைப் பற்றி நாம் சிந்திக்க நேர்ந்தது.

மருமகப்பிள்ளை புதிதாக வாங்கிய காரில் குன்னூருக்குப் புறப்பட்டோம். பின்னிருக்கையில் பத்து வயதுப் பேத்தி. முன்னிருக்கையில் நாம் அமர்ந்து வண்டி நகர்ந்ததுமே ஒரு மணி ஒலிக்கத் தொடங்கிற்று. "சீட் பெல்ட் போடும்வரை அது விடாது, மாமா" என்றார் மருமகப்பிள்ளை. நாற்பது ஆண்டுகள் மலைப்பாதையில் பயணம் செய்த நமக்கு ஓர் இயந்திரம் புத்தி சொல்வதா? பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்துக் கொக்கியில் மாட்டினோம். மணி வாயடைத்தது. விஞ்ஞானத்தையே வென்றுவிட்ட பெருமிதம் நமக்கு!

அந்தப் பெருமிதத்திலேயே கற்பனைக் குதிரையைத் தட்டிவிட்டோம். தானே பிரேக் பிடிக்கும் வண்டியும், ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் எழுப்பும் வண்டியும் வந்தாயிற்று. நாளைய வண்டி இவற்றோடு நிற்குமா? கணவனும் மனைவியும் வாக்குவாதம் தொடங்கினால், ஓரமாக நின்று, 'சமாதானம் ஆகட்டும், பிறகு போகலாம்' என்று அடம்பிடிக்கும். மது அருந்தியவன் கதவைத் தொட்டால் ஊரறிய ஒப்பாரி வைக்கும். கொண்டை ஊசி வளைவில் முந்த நினைப்பவனிடம், 'ஐயா, உயில் எழுதியாயிற்றா?' என்று பணிவோடு வினவும்.

இவ்வாறு நாம் விவரித்துக்கொண்டிருக்கையில், பனித்திரைக்குள்ளிருந்து காட்டெருமை ஒன்று சாலை நடுவே தோன்றிற்று. மருமகப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். பேத்தியை அவளது பெல்ட் இருக்கையோடு பிடித்து நிறுத்திற்று. நம்மைப் பிடிக்க யாருமில்லை. மெதுவாகச் சென்றதனால் நெற்றியில் ஒரு வீக்கமும், உடைந்த மூக்குக்கண்ணாடியுமாகத் தப்பினோம். எருமை நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்துள் இறங்கிற்று.

"காற்றுப்பை என்ன ஆயிற்று?" என்று அதட்டினோம். அது பலத்த மோதலுக்கே விரியுமாம். பெல்ட்டுக்குத் துணையாக அமைந்ததேயன்றி அதற்கு மாற்று அன்றாம். பெல்ட் அணியாதவர் விரியும் பையின்மீதே சென்று விழுந்து காயப்படுவதும் உண்டாம்.

வால்வோ நிறுவனத்துப் பொறியாளர் நில்ஸ் பொலின் உருவாக்கிய மும்முனை பெல்ட் 1959-இல் கார்களில் வந்தது. பிற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ காப்புரிமையைத் திறந்துவிட்டது. நம் நாட்டிலோ, 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய அங்காடிகளுக்கு ஆணையிட வேண்டியதாயிற்று. எதற்கு? பெல்ட் அணியாமலே மணியை அடக்கும் கொக்கிகளின் விற்பனையை நிறுத்துவதற்கு! உயிர் காக்கும் கருவியை ஏமாற்றவும் ஒரு வணிகம் முளைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கவில்லை என்பதைத் தவிர, அந்தக் கொக்கிக்கும் நமது சாமர்த்தியத்துக்கும் என்ன வேறுபாடு?

"தாத்தா, உங்களுக்கு அடிபடக் கூடாது என்றுதானே மணி அடித்தது? அதை ஏன் ஏமாற்றினீர்கள்?" என்றாள் பேத்தி. நம்மிடம் விடையில்லை. நாளை அவளும் முன்னிருக்கையில் அமர்வாள். அப்போது மணி சொல்வதைக் கேட்பாளா, தாத்தா செய்ததைச் செய்வாளா? நெற்றி வீக்கத்தைவிட அந்த எண்ணமே நமக்கு வலித்தது.

இப்போதெல்லாம் நாம் வண்டியில் ஏறியதும், மணிக்கு முன்னரே அவள் குரல் ஒலிக்கிறது. அதை அடக்கும் கொக்கி எந்த அங்காடியிலும் கிடையாது.