வேலை தேடுதல்

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது கோடைக்கானல். வெயிலுக்கு அஞ்சி மலையேறி வருவோர்க்கு அஃது இன்ப நகரம். ஏரியைச் சுற்றி உலவிவிட்டு இறங்கிச் செல்வர். அவ்வூரிலேயே பிறந்து, படித்துத் தேறி, வேலையின்றி இருக்கும் இளைஞனுக்கோ வீட்டுக்குள் நுழைவதே கூச்சமாக இருக்கும். ஒருவரும் கடிந்துரைக்காவிடினும் தந்தையின் முகத்தை ஏறிட்டுப் பாரான். அத்தகையோர் பலரோடு பழகியவன் நான். அவர்களிடம் கூறியவற்றையே இங்கும் எழுதுகின்றேன்.

மலையூரில் வேலைக்குப் பருவம் உண்டு. வேலை கேட்பதற்கும் பருவம் உண்டு. சித்திரை, வைகாசியில் விடுதிகள் நிரம்பியிருக்கும்போது சென்று கேட்டால், நிமிர்ந்து பார்க்கவும் அங்கே எவருக்கும் நேரம் இராது. மாசியிலேயே சென்று கேட்க வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகிய ஊர்களில் கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறிப்பர். எடை போடவும் கூலிக் கணக்கு எழுதவும் அப்போது ஆள் தேவைப்படும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு, மேல்மலை ஊர்களிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. அந்த வாணிகத்திலும் எழுத்தறிந்தவர்க்கு இடம் உண்டு. படித்தவன் மண்டியில் நிற்பதா என்று கேட்போர் சிலர் உளர். அவர்கள் சோறு போடப் போவதில்லை.

சிற்றூர்களில் பல வேலைகள் விளம்பரமின்றி வாய்மொழியாகவே நிரம்பிவிடுகின்றன. ஆகவே நாணத்தை விட்டுப் பலரிடமும் சொல்லிவைக்க வேண்டும். “ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள், ஐயா” என்றால் கேட்டவர் மறந்துவிடுவார். “கணக்கு எழுதுவேன், தட்டச்சு தெரியும், இரவு வேலைக்கும் வருவேன்” என்றால் நினைவில் வைத்திருப்பார். வில்பட்டி இளைஞர் ஒருவர், தாம் சென்ற இடம், கண்ட ஆள், பெற்ற விடை, மறுபடி வரச்சொன்ன நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். “பொங்கல் கழித்து வா, தம்பி” என்று ஒரு விடுதி மேலாளர் பேச்சுக்குச் சொன்னதையும் குறித்துக்கொண்டு, பொங்கல் கழிந்ததும் போய் நின்றார். சொன்னவருக்கே அது நினைவில்லை. ஆயினும் வேலை கிடைத்தது.

கல்வித் தகுதியை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிதலும் வேண்டும். மாவட்ட அலுவலகம் உள்ள திண்டுக்கல், கோடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்று இணையத்தின் வழியாகவே பதியலாம். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க மறத்தல் ஆகாது. பதிந்துவிட்டோம், அழைப்பு வரும் என்று வாளா இருத்தலும் தகாது. தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் அவ்வலுவலகங்கள் அரசுத் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி அளிக்கின்றன, அதில் சேரலாம். முன்பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவேன் என்பவனிடம் மட்டும் ஒரு காசும் கொடுக்கலாகாது.

வறுமையின் நெருக்கத்தில் எந்த வேலையாயினும் சரி என்று தோன்றும். அந்நிலையிலும் சிலவற்றைக் கேட்டே ஆகவேண்டும். அங்கே கையாளும் பொருள் யாது? அதனால் உடலுக்குத் தீங்கு உண்டா? கையுறையும் முகமூடியும் தருவார்களா? சம்பளச் சீட்டு உண்டா? கோடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மலையில் நிலையான மாதச் சம்பளம் அரிதாதலால், அங்கே வேலை கிடைத்ததைப் பேறாகக் கருதினர். வெப்பமானியில் நிரப்புவது பாதரசம். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது, நரம்புகளையும் சிறுநீரகங்களையும் தாக்கவல்லது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் பழைய பொருட்கடையில் கிடந்தமை 2001-இல் வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. உழைத்தவர்கள் ஒரே நாளில் வேலையற்றோர் ஆயினர். உடல்நலம் கெட்டதென அவர்கள் முறையிட்டனர். நிறுவனம் அதை மறுத்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016-இல். ஆலை மூடி அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.