உப்பளச் சாலையில் ஒரு பாடம்



இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது, நாள்தோறும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது நமக்கு 46 வயது. நடக்கலாம் என்றால் வலது முழங்கால் இணங்கவில்லை. ஆகவே மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்ற ஹெர்குலிஸ் மிதிவண்டியைத் தூசி தட்டி எடுத்தோம். பாயில் அமர்ந்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓதிக் கொடுத்தவர்களுக்கு உடம்பும் ஓர் அமானிதம் என்பது நோய் வந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

காயல்பட்டினத்தில் ஸுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்படுவோம். ஆறுமுகநேரி வழியாக ஆத்தூர் வரை லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும். ஆத்தூரில் கிழக்கே திரும்பி, சேர்ந்தபூமங்கலத்தைக் கடந்து புன்னைக்காயலுக்குச் செல்லும் சாலையில் ஏறிவிட்டால் ஓசை அடங்கிவிடும். முதலில் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் வரும். பிறகு அவை ஓய்ந்து, உவர்நிலமும் உப்புப் பாத்திகளும் தொடங்கும். மேடு என்று ஒன்றில்லை. தாமிரபரணி கடலில் கலப்பதற்கு முன் மண்ணை எல்லாம் நிரவிப் போட்டுவிட்டுச் சென்றது போன்ற நிலம். விடியும் வானம் பாத்தி நீரில் இறங்கிக் கிடக்க, நம் சக்கரத்தின் ஓசையும் நாம் ஓதும் திக்ரும் தவிர வேறு ஒலி இராது. எப்போதாவது ஒரு பேருந்து, மீன் கூடையோடு ஒரு மோட்டார் வண்டி, அவ்வளவே. நாம் காலை நடையாக எண்ணி வரும் அந்த வேளையில் உப்பளத்துப் பெண்கள் பாதி நாள் வேலையை முடித்திருப்பார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சமநிலத்தில் மிதிவண்டி ஓட்டுபவனுக்குக் காற்றுதான் மேடு. வைகாசிக் கடைசியிலிருந்து மேல்காற்று எழும்பிவிட்டால், போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும். நாம் இளைஞராகிவிட்டோம் என்று எண்ணத் தோன்றும். திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். உப்புக் காற்றுக்குச் சங்கிலி இரண்டே நாளில் துருவேறும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு புட்டி எப்போதும் நம் பையில் உண்டு.

இந்தச் சாலைக்கு ஒரு மாணவனை அழைத்துச் சென்றதை எழுதத்தான் அமர்ந்தோம்.

அவனுக்கு 13 வயது. 22 ஜுஸ்வு முடித்திருந்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மூரார் மறக்க இயலாது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. வெள்ளம் வடிந்து மத்ரஸா மீண்டும் கூடியபோது, அதுவரை ஆறு போல் ஓதிக் கொண்டிருந்த பிள்ளை தடுமாறத் தொடங்கினான். புதிய பாடம் நின்றது. பழைய பாடமும் உதிர்ந்தது. குறிப்பாக ஓரிடம்: ஃபுர்கான் சூராவின் 53ஆவது ஆயத்தும், ஃபாத்திர் சூராவின் 12ஆவது ஆயத்தும். இரண்டிலும் இரு கடல்கள் பற்றிய பேச்சு வரும். ஒன்று இனியது, மற்றது கரிக்கும் உப்பு என்ற சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. ஃபுர்கானில் தொடங்குவான், இனிய நீருக்கு வந்ததும் ஃபாத்திரில் மட்டுமே உள்ள 'குடிக்க இதமானது' என்னும் சொற்களைச் சேர்த்துவிடுவான், அங்கிருந்து அந்தச் சூராவிலேயே போய்விடுவான். ஒவ்வொரு நாளும் அதே இடம்.

நாம் என்ன செய்தோம்? எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுந்து நிற்கச் சொன்னோம். விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது என்றோம். அவனைவிடச் சிறிய பிள்ளைகள் முன்னால் சொன்னோம். ஒரு மாலை அவனுடைய உம்மா மத்ரஸா வாசலில் வந்து நின்று, "ஹஜ்ரத், ஓதுறத நிறுத்திட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பலாமான்னு இவன் வாப்பா ஹாங்காங்குலேர்ந்து கேக்குறாங்க. ராத்திரியில தூங்காம அழுறான்" என்றார்கள். 22 ஜுஸ்வு அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வாரம் தவணை கேட்டோம். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் அவனை நம்மோடு மிதிவண்டியில் அனுப்பும்படியும் கேட்டோம்.

வந்தான். கியர் வைத்த வண்டி அவனுடையது. ஆயினும் மரியாதைக்காக நமக்குப் பின்னாலேயே வந்தான். ஆத்தூர் வரை பேச்சில்லை. அங்கே ஒரு வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்காலில் வந்து வயல்களுக்குப் பாயும் தாமிரபரணித் தண்ணீர்தான் அது. பிறகு உப்பளங்கள். கூப்பிடு தூரத்துக்கு மனிதர் எவரும் இல்லாத அந்தச் சாலையில், முன்னும் பின்னுமாகச் செல்லும் இருவர் முகம் பார்க்காமல் பேசலாம். அதனால்தானோ என்னவோ, நாம் முதன்முறையாக அதட்டாமல் கேட்டோம்: "தம்பி, அந்த ஆயத்துல உனக்கு என்னதான் ஆகுது?"

சற்றுத் தூரம் சக்கரங்கள் மட்டும் ஓடின. பிறகு சொன்னான்: "பக்கம் தெரிய மாட்டேங்குது ஹஜ்ரத்."

நமக்கு விளங்கவில்லை.

"பழைய குர்ஆன்ல கண்ண மூடினா எந்தப் பக்கத்துல எந்த வரின்னு தெரியும். அது வெள்ளத்துல ஊறிப் போச்சு. உம்மா காய வச்சுப் பாத்தாங்க, தாளெல்லாம் ஒட்டிக்கிச்சு. துணியில சுத்தி அடக்கிட்டோம். இப்ப வச்சிருக்கறது வேற அச்சு. எல்லாம் எடம் மாறி இருக்கு."

வண்டியை நிறுத்திவிட்டோம். ஹிஃப்ழு ஓதியவர்களுக்கு இது புரியும். குர்ஆன் பிரதிகளில் 13 வரி, 15 வரி, 16 வரி என்று அச்சுகள் பல. மனனம் செய்யும் பிள்ளை சொல்லை மட்டும் மனத்தில் இருத்துவதில்லை. அது இருக்கும் பக்கத்தையும், மேலா கீழா என்பதையும் சேர்த்தே இருத்துகிறது. ஆகையால்தான் முடிக்கும் வரை ஒரே அச்சில் ஓத வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் நாளே சொல்லுகிறோம். ஆண்டுதோறும் அதைச் சொல்லும் நாம், ஐந்து மாதம் நம் எதிரிலேயே விரிந்திருந்த பிரதியைப் பார்க்கவில்லை.

"ஏன் சொல்லல?" என்றோம்.

"நீங்க கேக்கல, ஹஜ்ரத்."

புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேரும் இடத்தில், கரையில் கிடந்த ஒரு படகின் அருகே அமர்ந்தோம். வலை பிரித்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மழையில கலங்கத் தண்ணி கடலுக்குள்ள ரொம்ப தூரம் போவும், கோடையில கடல்தான் ஆத்துக்குள்ள ஏறி வரும்" என்று தாமாகவே சொன்னார். பையன் இறங்கி விரலை நனைத்து நாக்கில் வைத்து, முகம் சுளித்தான். "ஆத்தூர்ல இனிப்பா இருந்துச்சு" என்றான்.

அப்போது அவனுக்குச் சொன்னோம். சொல்லும்போதே நமக்கும் துலங்கிற்று. ஃபுர்கானின் ஆயத்து இந்த இடத்தைப் போன்றது. இரு நீரும் சந்திக்கின்றன. இடையே ஒரு தடுப்பை அல்லாஹ் வைத்திருக்கிறான் என்று அது முடிகிறது. அங்கே குடிப்பது பற்றிய பேச்சு இல்லை. ஃபாத்திரின் ஆயத்தோ இரண்டும் சமமல்ல என்று தொடங்கி, மனிதனுக்கு அவற்றால் கிடைப்பதைச் சொல்லிக்கொண்டே போகிறது: குடிக்கும் நீர், உண்ணும் புதிய மீன், அணியும் ஆபரணம், கடலைக் கிழிக்கும் கப்பல். முத்துக் குளித்துக் கப்பலோட்டிய காயல்காரர்களுக்கு அந்த ஆயத்தை விளக்க வேண்டியதே இல்லை. "தடுப்புன்னா இந்த முகத்துவாரம். குடிக்கறதுன்னா ஆத்தூர் வாய்க்கால், பொழப்பு" என்று அவனே சுருக்கிக்கொண்டான். நம்முடைய விளக்கத்தைவிட அது நன்றாகவே இருந்தது.

திரும்பும்போது மேல்காற்று எதிரே நின்றது. ஓதிக்கொண்டே வா என்றோம். வண்டியில் ஏறிக்கொண்டு ஓதலாமா என்று தயங்கினான். மக்கா வெற்றியின் நாளில் நபி (ஸல்) அவர்கள் ஒட்டகத்தின் மீதமர்ந்தே ஃபத்ஹு சூராவை ஓதினார்கள் என்று புகாரியில் வருவதைச் சொன்னதும் தொடங்கினான். பின்னால் வருபவன் குரல் முன்னால் செல்பவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆகவே அவனை முன்னே விட்டோம். பிறகுதான் தெரிந்தது, காற்றை அவன் தாங்க, நாம் அவன் நிழலில் சுகமாக வந்துகொண்டிருந்தோம். 53ஆவது ஆயத்துக்கு வந்தபோது நம் கால்கள் மிதிக்க மறந்தன. அவன் குரல் தடுப்பைச் சொல்லி, தாண்டி, அடுத்த ஆயத்துக்குப் போயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று மாலையே பழைய அச்சைத் தேடினோம். ஓதி முடித்த ஹாஃபிழ் ஒருவர் வீட்டு அலமாரியில் அதே 15 வரிப் பிரதி கிடைத்தது. சிறிய பிள்ளைகள் முன்னால் அவனைக் குறை சொன்னோம் அல்லவா. பிரதியைக் கொடுத்ததும், நம் தவறு இன்னதென்று சொன்னதும் அதே பிள்ளைகள் முன்னால்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு பக்கங்களைப் புரட்டி, இடப்பக்கம் மேலே விரலை வைத்துப் பார்த்தான்.

இப்போது 26ஆவது ஜுஸ்வு ஓதுகிறான். வேறு இடங்களில் தடுமாறத்தான் செய்கிறான். வெள்ளிதோறும் ஸுப்ஹு முடிந்ததும் நம் வாசலில் மணி அடிக்கும். இரண்டு வாரமாக எண்ணெய்ப் புட்டியை அவனே கொண்டு வருகிறான். ஹஜ்ரத்துடைய செயின் சத்தத்தில் ஓதுவது கேட்கவில்லையாம்.